கம்பனியோட வாங்கிறதா, ஆலையை மட்டும் வாங்கிறதா? இணுவிலில ஒரு தூள் ஆலை

இணுவில்வாசி

வணக்கம் உறவுகளே. ஒரு பெரிய அலுவல், அதால கொஞ்சம் நீட்டி எழுதிறன்.

எங்கட பக்கத்தில சரக்குத்தூள், மிளகாய்த்தூள், ஒடியல்மா அரைச்சுப் பொதி பண்ணி வெளிநாட்டுக்கும் அனுப்பிற ஒரு ஆலை விலைக்கு வருது. பிரைவேட் லிமிடெட் கம்பனி, 2009இல பதிஞ்சது. காணி 7 பரப்பு, கம்பனியின்ர பேரில. வேலையாட்கள் 22 பேர். மூண்டு சகோதரர்: மூத்தவர் காலமாகிட்டார், இரண்டாமவர் இஞ்ச நிண்டு நடத்திறார், கடைசி லண்டனில. கேக்கிற விலை 4 கோடி 20 லட்சம்.

காசில பெரும்பகுதி ரொறன்ரோவில இருக்கிற என்ர மச்சான் போடுறார். அவருக்கு 60 வீதம், எனக்கு 40 எண்டு கதைச்சிருக்கிறம். ஆலையை நான்தான் நடத்துவன்.

இரண்டாமவர் நல்ல மனுசன், அப்பாவுக்கும் பழக்கம். "தம்பி, நொத்தாரிசிட்டப் போய் உறுதி ஒண்டு முடிப்பம், அண்டைக்கே திறப்பைத் தாறன்" எண்டு சொல்லுறார். கம்பனி வாங்கிறதும் காணி வாங்கிற மாதிரித்தானோ? அட்வான்ஸ் குடுக்க முதல் என்னென்ன பாக்கவேணும்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கணக்குச்சிட்டை

அட்வான்ஸ் குடுக்காதேங்கோ. முதல் ஒரு கேள்விக்கு விடை எடுங்கோ: நீங்கள் வாங்கப் போறது பங்குகளையா, சொத்துகளையா?

பங்கை வாங்கினால் கம்பனி அப்பிடியே இருக்கும், முதலாளி மட்டும்தான் மாறுவார். காணி, மெசின், லைசென்ஸ், வாடிக்கையாளர் எல்லாம் கம்பனியோடயே கிடக்கும். கட்டாத வரி, வேலையாட்களுக்குக் கட்டாத சேமலாப நிதி (EPF), கோட்டில கிடக்கிற வழக்கு, வங்கிக் கடன் இதுகளும் கம்பனியோடயே கிடக்கும். 2014இல விட்ட பிழைக்கு 2026இல கடிதம் வந்தாலும் கம்பனிதான் பதில் சொல்லவேணும். அப்ப கம்பனி உங்கட.

சொத்தை வாங்கினால் காணிக்குத் தனி உறுதி, மெசினுக்குத் தனிப் பட்டியல், வர்த்தகக் குறிக்குத் தனிக் கைமாற்றம். பழைய பாவம் பழைய கம்பனியோட நிக்கும். ஆனால் லைசென்ஸ் எல்லாம் புதுசா எடுக்கவேணும், பிரதேச சபை வியாபார அனுமதியில இருந்து சுற்றாடல் அனுமதிப்பத்திரம் வரைக்கும்.

செலவிலயும் வித்தியாசம் இருக்கு. பங்குக் கைமாற்றத்துக்கு முத்திரைத் தீர்வை ஆயிரத்துக்கு 5 ரூபாய். 4 கோடி 20 லட்சத்துக்கு 2 லட்சத்து 10 ஆயிரம் வரும். காணியை உறுதியால வாங்கினால் முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். காணியை மட்டும் 2 கோடி எண்டு மதிச்சாலே 8 லட்சத்துக்குக் கிட்டப் போகும்.

விக்கிறவை ஏன் எப்பவும் பங்கைத் தள்ளிவிடப் பாக்கினம் எண்டால் வரி. தனி ஆள் பங்கை வித்தால் மூலதன ஆதாயத்துக்கு 2025 ஏப்ரல் 1இல இருந்து 15 வீதம், அதோட முடிஞ்சுது. கம்பனி சொத்தை வித்தால் ஆதாயத்தில 30 வீதம் கம்பனி கட்டி, மிச்சத்தைப் பங்கிலாபமாப் பிரிக்கேக்க திரும்ப 15 வீதம் போகும். ஆகவே அவர் பங்குதான் எண்டு பிடிவாதமா நிண்டால் அதில கள்ளம் இருக்கெண்டு நினைக்கத் தேவையில்லை. ஆனால் அவருக்கு மிச்சமாகிற அந்தக் காசில ஒரு பங்கை விலையில குறைச்சுத் தரச்சொல்லிக் கேக்க உங்களுக்கு நியாயம் இருக்கு.

இன்னொண்டு, 2017 செப்ரெம்பர் 30க்கு முதல் கையில இருந்த பங்குகளுக்கு அண்டைய சந்தைப் பெறுமதியைத்தான் கொள்விலையா எடுக்கலாம். 2009இல பங்குக்குப் போட்ட தொகையை வைச்சுக் கணக்குப் பாத்து அவை பயப்பிடவேண்டாம். வித்து 30 நாளுக்குள்ள அறிக்கை குடுக்கவேணும், அதை மட்டும் மறக்கக்கூடாது.

திருநெல்வேலிச்சந்தை

தம்பி, நான் நாப்பது வருசத்துக்கு மேல சந்தையில வியாபாரம் செய்யிறன். சண்டைக் காலத்தில வங்கி இல்லை, கோடு இல்லை, பேப்பர் இல்லை. வாய்ச்சொல்லில லட்சக்கணக்கில சரக்கு மாறினது. அந்தக் குடும்பத்தை உங்கட தகப்பனுக்கே தெரியும் எண்டுறியள். கொழும்புக் கம்பனிகளுக்குச் செய்யிற மாதிரி ஒரு கட்டுக் கடதாசியோட போய் நிண்டால் மனுசன் "என்னை நம்பேல்லையோ" எண்டு விலகிப் போயிடுவார். நல்ல ஆலை கையை விட்டுப் போகும். யோசிச்சுச் செய்யுங்கோ.

முத்திரைச்சந்தி

சந்தை ஐயா சொல்லுறதை நான் மதிக்கிறன். அந்தக் காலத்தில ஊர் தப்பினதே அந்த நம்பிக்கையாலதான். ஆனால் இந்த விசயத்தில இரண்டாமவரை நம்பிறமோ இல்லையோ எண்டது கேள்வியில்லை. இறைவரித் திணைக்களமும் தொழில் திணைக்களமும் இறந்தவற்றை பிள்ளையளும் உங்கட கைகுலுக்கலுக்கு வரேல்லை. அவர் நூறு வீதம் நேர்மையான மனுசனா இருந்தாலும் தன்னட்ட இல்லாததை அவரால தரேலாது.

நான் யாழ்ப்பாணத்தில சட்டத்தொழில் செய்யிறன். இஞ்ச பொதுவாச் சொல்லுறன், உங்கட பேப்பர்களைப் பாத்துச் சொல்லுறதுக்கு உங்களுக்கெண்டு ஒரு ஆளைப் பிடியுங்கோ.

முதல், உறுதி. காணிக்கு உறுதி ஏன் தேவை எண்டால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றத்தை நொத்தாரிசு முன்னால, இரண்டு சாட்சியோட செய்யச் சொல்லுது. பங்கு அசையும் சொத்து. அதுக்கு நொத்தாரிசு உறுதி தேவையில்லை. கைமாற்றப் பத்திரத்தில ஒப்பம் வைச்சு, பணிப்பாளர் சபை ஏற்று, கம்பனியின்ர பங்குப் பதிவேட்டில உங்கட பேர் ஏறினால்தான் நீங்கள் பங்குதாரர். பதிவேட்டில பேர் ஏறாமல் எத்தினை முத்திரை ஒட்டின உறுதி வைச்சிருந்தாலும் உங்களால கூட்டத்தில வாக்குப் போடேலாது. கன இடத்தில காசு குடுத்து, திறப்பும் எடுத்து, பதிவேட்டை மட்டும் ஒருத்தரும் திறக்கிறேல்லை. கம்பனிச் செயலாளர் கொழும்பில இருப்பார், பதிவேடு அவற்றை அலுமாரியில தூங்கும்.

எந்தப் பங்கு ஆரிட்ட எப்ப போனது எண்டு பாக்க, கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில இருந்து இந்தக் கம்பனி தாக்கல் செய்த எல்லாப் படிவத்தின்ரயும் அத்தாட்சிப்படுத்தின பிரதி எடுங்கோ. ஆர் வேண்டுமானாலும் காசு கட்டி எடுக்கலாம், விக்கிறவரைக் கேக்கத் தேவையில்லை. அவற்றை மனமும் நோகாது, சந்தை ஐயாவின்ர கவலையும் தீரும். வருடாந்த அறிக்கை படிவம் 15. பணிப்பாளர் மாற்றம் படிவம் 20. புதுப் பங்கு வெளியிட்டது படிவம் 6. காணியோ மெசினோ ஈட்டில கிடந்தால் படிவம் 10. நாலையும் வருச வரிசையில அடுக்கினால் கம்பனியின்ர கதை முழுக்கத் தெரியும். ஒரு வருசத்துப் படிவம் 15க்கும் அடுத்த வருசத்துக்கும் இடையில பங்கு எண்ணிக்கை மாறியிருந்து, அதுக்குக் கைமாற்றமோ படிவம் 6ஓ இல்லையெண்டால் அங்க நில்லுங்கோ.

அடுத்தது, ஆர்டிக்கிள்ஸ், அதாவது கம்பனியின்ர உள்விதிகள். வெளியாளுக்கு விக்க முதல் மற்றப் பங்குதாரருக்குக் குடுக்கவேணும் எண்ட விதி குடும்பக் கம்பனிகளில அனேகமா இருக்கும். லண்டன்காரரும் மூத்தவற்றை குடும்பமும் அந்த உரிமையை எழுத்தில கைவிடவேணும்.

சொத்து வழியாப் போறதெண்டால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 185ஆம் பிரிவைப் பாருங்கோ. கம்பனியின்ர சொத்துப் பெறுமதியில பாதிக்கு மேல விக்கிறதுக்கு விசேட தீர்மானம் வேணும், அதாவது போடப்பட்ட வாக்கில 75 வீதம். ஆலை காணி எல்லாம் விக்கிறது கட்டாயம் இதுக்குள்ள வரும். எதிர்த்து வாக்குப் போட்டவருக்குத் தன்ர பங்கைக் கம்பனி வாங்கவேணும் எண்டு கேக்க 93ஆம் பிரிவில உரிமை இருக்கு.

உங்களிட்ட மூண்டு கேள்வி. மூத்தவர் எப்ப, மரணசாசனம் எழுதி வைச்சே காலமானவர்? 7 பரப்பும் ஒரே உறுதியிலயா? மச்சானுக்கு இரட்டைக் குடியுரிமை இருக்கோ?

இணுவில்வாசி

நன்றி அண்ணை. பிரதியள் எடுத்தாச்சு, கண் திறந்த மாதிரி இருக்கு.

பங்கு இப்ப: மூத்தவர் 20, இரண்டாமவர் 40, லண்டன்காரர் 40. மூத்தவருக்குத் தொடக்கத்தில 10தான். தகப்பனும் தொடக்கத்தில 10 வைச்சிருந்தவர், பேந்து அதை மூத்தவருக்கு நன்கொடையாக் குடுத்திருக்கிறார். மூத்தவர் காலமாகினது 2022இல, மரணசாசனம் இல்லை. மனுசியும் இரண்டு பிள்ளையளும். மகனுக்கு 21, மகளுக்கு 15. கோட்டில ஒண்டும் போடேல்லையாம். படிவம் 15இல இன்னும் அவற்றை பேர்தான் போகுது.

காணி இரண்டு உறுதி. 4 பரப்பு 2010இல வாங்கினது, பக்கத்து 3 பரப்பு 2016இல.

மச்சான் கனடியன் பிரஜை. இரட்டைக் குடியுரிமை எடுக்கேல்லை.

முத்திரைச்சந்தி

அப்ப இரண்டு இடத்தில வேலை இருக்கு. மூத்தவற்றை பங்கில இருந்து தொடங்குவம்.

இவை தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டம், பொருந்திற ஆக்கள் எண்டு எடுத்துக்கொண்டு சொல்லுறன். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், உரிமைவழிக் கட்டளைச் சட்டமும் அதின்ர 1947ஆம் ஆண்டுத் திருத்தமும்தான் இதுக்கு. பலர் தேசவழமை காணிக்கு மட்டும் எண்டு நினைக்கினம். தேடிய தேட்டம் அசையும் சொத்துக்கும் வரும், பங்குக்கும் வரும்.

முதல் 10 வீதம் கலியாணத்துக்குப் பிறகு அவர் உழைச்ச காசில போட்டதெண்டால் அது தேடிய தேட்டம். பாதி மனுசிக்கு, மற்றப் பாதி பிள்ளையளுக்கு. தகப்பன் நன்கொடையாத் தந்த 10 வீதம் விலை குடுத்துத் தேடினதில்லை, அவற்றை தனிச்சொத்து. அது பிள்ளையளுக்குப் போகும், மனுசிக்கு அதில பங்கில்லை. அப்ப கணக்கு: மனுசிக்கு 5 வீதம், பிள்ளையள் ஆளுக்கு ஏழரை.

இரண்டாமவர் "அண்ணி ஒப்பம் வைப்பா" எண்டு சொல்லியிருப்பார். வைப்பா. அவவுக்குரிய 5க்குத்தான் அது காணும். மகன் 21, அவர் தானே ஒப்பம் வைக்கலாம். 15 வயசுப் பிள்ளையின்ர ஏழரைக்குத் தாய் தன்ர பாட்டில ஒப்பம் வைக்கேலாது. மாவட்ட நீதிமன்றத்தில மரணசாசன வழக்கு (சாசனம் இல்லாட்டியும் பேர் அதுதான்) தாக்கல் செய்து, இறந்தவற்றை சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தாற நிர்வாகக் கடிதத்தைத் தாய் எடுத்து, பிள்ளையின்ர பங்கை விக்க நீதிமன்ற அனுமதியும் வேணும். அந்தப் பிள்ளையின்ர காசு அந்தப் பிள்ளையின்ர பேரில வைப்பாகவேணும். தகப்பன் இல்லாத பிள்ளை, அவவின்ர சொத்தைக் கோடு பாத்துக்கொள்ளிறது நல்லதுக்குத்தான். இதை ஒரு இடைஞ்சலா நினைச்சு ஒருத்தரும் சுத்திப் போகப் பாக்கக்கூடாது.

லண்டன்காரர் வரமாட்டார் எண்டால் தனக்காக ஒப்பம் வைக்க இன்னொருவருக்கு அற்றோணித் தத்துவம் குடுக்கலாம். இந்தக் கம்பனியின்ர இந்தப் பங்கை விக்கவும், காசு வாங்கவும், கைமாற்றப் பத்திரத்தில ஒப்பம் வைக்கவும் அதிகாரம் எண்டு பிரிச்சு எழுதியிருக்கவேணும். "என்ர யாழ்ப்பாணத்துச் சொத்துகளைப் பராமரிக்க" எண்ட பழைய அற்றோணியை நீட்டினால் ஏற்காதேங்கோ.

காணியும் மச்சானும் பற்றிப் பிறகு எழுதிறன், அதுதான் பெரிசு.

ஸ்காபரோக்காரன்

நானும் ஊரில முதலிட யோசிக்கிற ஆள்தான், அதால கேக்கிறன். மச்சான் வெளிநாட்டுப் பிரஜை எண்டால் என்ன? பிறந்தது இணுவில், காசு சொந்தக் காசு. இஞ்ச கனபேர் செய்யிற மாதிரி அம்மாவின்ர பேரிலயோ தங்கச்சியின்ர பேரிலயோ பங்கைப் போட்டால் முடிஞ்சுதே. காசை உண்டியலில, வங்கிக்கு வெளிய ஆள்வழியா, அனுப்பினால் ரேட்டும் நல்லது.

முத்திரைச்சந்தி

தம்பி, நீங்கள் எழுதின இரண்டும்தான் வடக்கில முதலிட்ட எங்கட ஆக்களைக் கூடுதலாக் கவிழ்த்தது. அதால விரிவாச் சொல்லுறன்.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம், வெளிநாட்டவருக்குக் காணி கைமாறிறதைத் தடுக்கிறது, 2013 ஜனவரி 1இல இருந்து செல்லும். அதின்படி வெளிநாட்டவர் 50 வீதமோ அதுக்கு மேலயோ பங்கு வைச்சிருக்கிற கம்பனிக்கு இலங்கையில காணி மாறேலாது. எங்க பிறந்தனியள் எண்டு சட்டம் பாக்கிறேல்லை. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கு இந்தத் தடை இல்லை, எடுக்காதவர் வெளிநாட்டவர்.

காணி ஏற்கனவே கம்பனியிட்ட இருக்கு, பங்கைத்தானே வாங்கிறம் எண்டு கேப்பியள். அதுக்கும் சட்டத்தில வழி அடைச்சிருக்கு. காணி கைமாறின நாளில இருந்து தொடர்ந்து 20 வருசத்துக்கு வெளிநாட்டுப் பங்கு 50 வீதத்துக்குக் கீழ நிக்கவேணும். மேல போனால் அந்தக் காணிக் கைமாற்றமே செல்லாமல் போகும். இணுவில்வாசி, உங்கட 2010 உறுதி இந்தச் சட்டத்துக்கு முந்தினது. 2016 உறுதிக்கு 2036 வரை கட்டு. அந்த 3 பரப்பிலதானே புது மெசின் கட்டடம் நிக்குது? மச்சானுக்கு 60 வீதம் எழுதிற அண்டைக்கு அந்த நிலத்தின்ர உரித்து ஆடத் தொடங்கும்.

வழி இருக்கு. மச்சான் 49க்கு இறங்கலாம். இல்லாட்டி இரட்டைக் குடியுரிமை கிடைச்ச பிறகு 60க்கு ஏறலாம். இல்லாட்டி காணியை நீங்கள் உங்கட பேரில வாங்கி, கம்பனிக்குக் குத்தகைக்கு விடலாம். வெளிநாட்டுக் கம்பனிக்கும் 99 வருசம் வரை குத்தகை போகலாம்.

அம்மாவின்ர பேரில போடுறது பற்றி. கம்பனியின்ர பங்குப் பதிவேட்டில "இவர் இன்னாருக்காக வைச்சிருக்கிறார்" எண்டு எழுத இடமே இல்லை. பதிவேட்டில பேர் உள்ளவர்தான் கம்பனிக்குப் பங்குதாரர். அம்மா காலமானால் அந்தப் பங்கு எல்லாப் பிள்ளையளுக்கும் பிரியும், காசு அனுப்பின உங்களுக்கு ஒரு பிள்ளைப் பங்குதான். தங்கச்சியின்ர பேர் எண்டால் அவவின்ர குடும்பத்துக்கு. சகோதரங்கள் கோட்டில நிக்கிறதை நான் கண்ணால பாத்துக்கொண்டிருக்கிறன், ஒவ்வொரு முறையும் மனம் நோகும். இதுக்கு மேல, கம்பனியின்ர உண்மையான பயனாளி ஆர் எண்டு பதிஞ்சு வைக்கச் சொல்லி 2025இல கம்பனிகள் சட்டத்துக்குத் திருத்தமும் வந்திட்டுது.

உண்டியல் காசு இன்னும் பாதகம். வெளிநாட்டில இருந்து வாற முதலீடு உள்முக முதலீட்டுக் கணக்கு எண்ட வங்கிக் கணக்குக்கால வந்து பங்கை வாங்கவேணும். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ உள்ள ஏற்பாடு அது. அப்பிடி வந்தால்தான் நாளைக்கு லாபத்தையோ வித்த காசையோ அதே கணக்கால ரொறன்ரோவுக்குத் திருப்பி எடுக்கலாம். உண்டியலில வந்த காசுக்கு வங்கியில தடம் இல்லை. தடமில்லாத காசை வெளிய அனுப்ப எந்த வங்கியும் கை வைக்காது. ரேட்டில மிச்சம் பிடிக்கிற சில லட்சத்துக்காக முழு முதலையும் இஞ்ச பூட்டிப்போடுற வேலை.

ஸ்காபரோக்காரன்

20 வருசக் கதை எனக்கு இப்பத்தான் தெரியும். இஞ்ச ஒரு ரியல் எஸ்டேற் ஆளும் இதைச் சொல்லேல்லை. நன்றி அண்ணை. இரட்டைக் குடியுரிமை விண்ணப்பத்தை எடுக்கிறன்.

கணக்குச்சிட்டை

இணுவில்வாசி, 22 வேலையாள் எண்டனியள். சேமலாப நிதி எத்தினை பேருக்குக் கட்டுப்படுது?

இணுவில்வாசி

9 பேருக்கு. மற்ற 13 பேரும் "நாட்கூலி" எண்டு சொல்லுறார். ஆனால் அதில சிலர் ஆலை தொடங்கின நாளில இருந்து நிக்கினம்.

கணக்குச்சிட்டை

நாட்கூலி எண்டு பேர் வைச்சால் சேமலாப நிதி இல்லாமல் போகாது. நாட்சம்பளக்காரருக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். கணக்குப் பாருங்கோ.

மாதம் ஆளுக்கு 35,000 எண்டு வைப்பம். தொழிலாளி 8, முதலாளி 12, சேத்து 20 வீதம், ஆளுக்கு 7,000. தொழிலாளியிட்ட வெட்டாமல் விட்டால் அந்த 8ஐயும் முதலாளிதான் சுமக்கவேணும். 13 பேருக்கு மாதம் 91,000. வருசத்துக்கு 10 லட்சத்து 92 ஆயிரம். ஐஞ்சு வருசத்தை மட்டும் எடுத்தாலே 54 லட்சத்து 60 ஆயிரம். பிந்தினதுக்கு மேலதிகக் கட்டணம் 50 வீதம் வரை ஏறும். 80 லட்சத்தைத் தாண்டும். ஊழியர் நம்பிக்கை நிதி (ETF) 3 வீதம் இன்னும் சேக்கேல்லை. பணிப்பாளர்மாரின்ர பேரிலயும் வழக்கு வரும், அப்ப பணிப்பாளர் நீங்கள்.

அதோட பணிக்கொடை. 15 பேரோ அதுக்கு மேலயோ உள்ள இடம், 1983ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். ஐஞ்சு வருசம் முடிச்ச மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருசத்துக்கும் அரை மாதச் சம்பளம், நாட்சம்பளக்காரருக்கு 14 நாள் சம்பளம். மாதம் 35,000 எடுத்து 12 வருசம் நிண்ட ஒரு மாதச் சம்பளக்காரருக்கே 2 லட்சத்து 10 ஆயிரம். பங்கை வாங்கினால் முதலாளி மாறேல்லை, கம்பனிதான் முதலாளி, ஆகவே அவையின்ர சேவைக்காலம் அறாது.

சொத்தை மட்டும் வாங்கிறதெண்டாலும் ஆக்களை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ எண்டு சொல்லேலாது. 15 பேரோ அதுக்கு மேலயோ உள்ள இடத்தில தொழிலாளியின்ர எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின்ர அனுமதியோ இல்லாமல் வேலையால நிப்பாட்ட 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் விடாது.

அந்த 13 பேரும் இந்த ஆலையில தூளுக்குள்ள நிண்டு இருமி இருமி உழைச்ச சனம். அவையின்ர காசு 80 லட்சம் நிலுவையில கிடக்குது எண்டதைப் பேரத்துக்கு ஒரு துரும்பா மட்டும் பாக்காதேங்கோ. விலையில அந்தத் தொகையைப் பிடிச்சு வைச்சு, அதில இருந்து நேர நிதிக்குக் கட்டுங்கோ. விக்கிறவருக்குக் குறைச்சுக் குடுத்திட்டு நிலுவையை நீங்களும் கட்டாமல் விடுறது சரியில்லை.

மட்டுவில் அக்கா

நான் விக்கிற பக்கத்தில இருந்து ஒண்டு சொல்லுறன், ஒருத்தரும் எழுதேல்லை.

நானும் இவரும் நடத்தின குளிரூட்டிக் களஞ்சியக் கம்பனியைப் பங்கா வித்தனாங்கள். கம்பனிக் கடனுக்கு வங்கியில இரண்டு பேரும் தனிப்பட்ட பிணை வைச்சிருந்தம். வாங்கினவர் "பிணையை என்ர பேருக்கு மாத்துவன்" எண்டு ஒப்பந்தத்தில எழுதித் தந்தவர். வங்கி அந்த ஒப்பந்தத்தில ஒரு தரப்பு இல்லை, ஆகவே அதைக் கணக்கெடுக்கேல்லை. அவர் தவணை பிந்தினதும் கடிதம் வீட்டுக்கு எங்கட பேருக்கு வந்துது. நாங்கள் பங்கும் இல்லாமல், பணிப்பாளரும் இல்லாமல், கடனுக்கு மட்டும் பொறுப்பா நிண்டம். இவருக்கு நெஞ்சுவருத்தம் வந்ததே அந்தக் காலத்திலதான்.

விக்கிற ஆக்கள் கேளுங்கோ: வங்கி தன்ர கடிதத்தாளில "இன்னாரின்ர பிணை விடுவிக்கப்பட்டது" எண்டு எழுதித் தரும் வரை கைமாற்றப் பத்திரத்தைக் கையால விடாதேங்கோ. இணுவில்வாசித் தம்பி, நீங்களும் அந்த இரண்டாமவருக்கு இதைச் செய்து குடுங்கோ. நல்ல மனுசன் எண்டு நீங்களே சொன்னனியள்.

பருத்தித்துறைவாசி

தூள் பக்கற்றில இருக்கிற பேரும் படமும் ஆரின்ர பேரில பதிஞ்சிருக்கு? குடும்பக் கம்பனிகளில வர்த்தகக் குறி அனேகமாக் கம்பனியின்ர பேரில இராது, தகப்பனின்ர அல்லது அண்ணன்ர பேரில தனிப்படப் பதிஞ்சிருக்கும். கம்பனியின்ர நூறு வீதப் பங்கை வாங்கினாலும் அது உங்களிட்ட வராது. தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில தேடிப் பாருங்கோ. 10 வருசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கவேணும், அதுவும் நடந்திருக்கோ எண்டு பாருங்கோ. ஸ்காபரோவில இருக்கிற சனம் அந்தப் பேரைப் பாத்துத்தானே பக்கற்றைத் தூக்குது.

இணுவில்வாசி

அக்கா சொன்னதையும் பருத்தித்துறைவாசி சொன்னதையும் எடுத்துக்கொண்டு நேர போய்க் கதைச்சன்.

வர்த்தகக் குறி தகப்பனின்ர பேரிலதான். அவர் இருக்கிறார், எழுதித் தாறன் எண்டு சொல்லிப்போட்டார். அதைக் கைமாற்றிப் புலமைச் சொத்து அலுவலகத்தில பதியிறது பங்கு மாற முதல் நடக்கவேணும் எண்டு ஒத்துக்கொண்டிருக்கிறம்.

சேமலாப நிதிக் கணக்கை இரண்டாமவர் முன்னால வைச்சன். கொஞ்ச நேரம் ஒண்டும் பேசேல்லை. பிறகு "அந்தச் சனத்துக்குச் சேரவேண்டியது சேரட்டும்" எண்டு சொல்லி, 80 லட்சத்தைப் பிடிச்சு வைச்சு நேர நிதிக்குக் கட்டச் சம்மதிச்சிட்டார். நம்பேல்லையோ எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை. சந்தை ஐயா, இதை உங்களுக்காகவும் எழுதிறன்.

வங்கிப் பிணைக்கு நானும் அவரும் சேந்து வங்கிக்குப் போறம்.

மச்சான் 49க்குச் சம்மதம். காசு உள்முக முதலீட்டுக் கணக்கால வரும்.

இழுபடுறது மகளின்ர பங்கு. மரணசாசன வழக்கு முடிய நாளெடுக்கும். அதால இரண்டாமவர் ஒரு யோசனை சொல்லுறார்: தன்ர 40ஐயும் லண்டன் 40ஐயும் இப்பவே எழுதுவம், மூத்தவற்றை 20ஐ வழக்கு முடியப் பாப்பம் எண்டு. மச்சானுக்கு 49, எனக்கு இப்போதைக்கு 31. ஆலையும் கையில வந்திடும். இது சரிதானே அண்ணை?

திருநெல்வேலிச்சந்தை

தம்பி, வாசிச்சன். அவர் அப்பிடிச் சொன்னது எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. கடதாசி பாத்தும் உறவு முறியேல்லை. நல்லா வரும், செய்யுங்கோ.

முத்திரைச்சந்தி

சட்டப்படி செய்யலாம். ஆனால் எண்ணைப் பாருங்கோ: மச்சான் 49, நீங்கள் 31, மூத்தவற்றை சொத்து 20. நீங்களும் மச்சானும் ஒருமிச்சு நிக்கும் வரை 80 வீதம், விசேட தீர்மானத்துக்கும் காணும். நாளைக்கு உங்கள் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபட்டால் அந்த 20 எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம்தான் ஆலை. மச்சானோட சேந்தால் 69, உங்களைப் பணிப்பாளர் பதவியால எடுக்கக் காணும். உங்களோட சேந்தால் 51. ஆலையை நடத்திற நீங்கள் அந்த இடத்தில நிக்கக்கூடாது. அந்தக் குடும்பமும் 5 வீதத்துக்கு மேல பங்குள்ள தரப்பு. லாபம் குடுக்காமல் ஒதுக்கினால் 224ஆம் பிரிவில அடக்குமுறை எண்டு நீதிமன்றம் போகலாம்.

ஆகவே 80ஐ இப்ப வாங்கிறதெண்டால் அதே நாளில மூண்டு பேப்பரும் ஒப்பமாகவேணும். உங்களுக்கும் மச்சானுக்கும் இடையில பங்குதாரர் ஒப்பந்தம், அதில ஆலையை நடத்திற பணிப்பாளர் நீங்கள் எண்டும் உங்கட சம்மதம் இல்லாமல் அதை மாத்தேலாது எண்டும். மூத்தவற்றை மனுசியும் மகனும் தங்கட பன்னிரண்டரை வீதத்தை நிர்வாகக் கடிதம் கிடைச்சதும் உங்களுக்கு விக்கிறதா இன்ன விலைக்கு உடன்படிக்கை. மகளின்ர ஏழரைக்கு அதே விலை, நீதிமன்றம் அனுமதிச்சால் எண்ட நிபந்தனையோட. அனுமதி வரும் வரை பங்கிலாபம் அவவின்ர பேரில வங்கியில போகவேணும். உங்கட 31ஓட அந்த 20ம் சேந்தால் 51, காணிச் சட்டமும் தாங்கும்.

மரணசாசன வழக்கை இந்தக் கிழமையே தாக்கல் செய்யச் சொல்லுங்கோ. இறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ், பிள்ளையளின்ர பிறப்புச் சான்றிதழ், பங்குச் சான்றிதழ் நாலும் வேணும். பங்குச் சான்றிதழ் வீட்டில இல்லையெண்டால் கம்பனிச் செயலாளரிட்டப் பிரதிக்கு இப்பவே எழுதுங்கோ.

இணுவில்வாசி

சான்றிதழ் அண்ணியிட்ட இருக்கு. திங்கட்கிழமை சட்டத்தரணியிட்டக் கூட்டிக்கொண்டு போறன்.